இல்லறச் சோலை: கோலிக்குள் ஓர் ஈஸ்டர் தோட்டம்



உயிர்த்தெழுதலின் பண்டிகை நெருங்கும்போது நம் வீடுகளில் வழக்கமாக இரண்டு கேள்விகள் எழும்பும். பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாயிற்றா? கறிக்குச் சொல்லியாயிற்றா? இரண்டுக்கும் பணம் வேண்டும். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் தொகையும் போன பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். பண்டிகைக்காகக் கைமாற்று வாங்கி, அதை ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் புத்தகச் செலவோடு சேர்த்து அடைக்கிற குடும்பங்கள் வடாலாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் உண்டு. இந்த ஆண்டு பண்டிகைப் பந்தியில் ஒரு கறியேனும், ஒரு முட்டையேனும், கடையிலிருந்து வராமல் உங்கள் கையால் வளர்ந்ததாக இருக்கட்டும் என்று கேட்கவே இந்த மாதம் எழுதுகிறேன். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

ஆண்டவரை வைத்த கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்று யோவான் 19-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அடுத்த அதிகாரத்தில் மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டபோது, அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிக்கொண்டாள். நம் விசுவாசத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி செடிகொடிகளின் நடுவே நடந்தது. ஆனால் வடாலாவில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர், ஒரு விதை மண்ணுக்குள் போய் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் கண்டதில்லை. கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (யோவான் 12:24) ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்குவார்கள். கோதுமையோ அவர்களுக்கு ஐந்து கிலோ ஆட்டாப் பொட்டலமாகத்தான் தெரியும்.

நம்மில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அங்கே முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் போன்ற ஊர்களில் நம் தாய் தகப்பன்மார் ஆலயத்திற்கு வெறுங்கையோடு போனதில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் முதல் குலை வாழையும், முருங்கைக்காய்க் கட்டும், பூசணிக்காயும், காலைக் கட்டிய கோழியும், ஓலைப்பெட்டியில் முட்டையும் பீடத்தின் முன் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டையை அதன் விலையைப்போலப் பலமடங்கு கொடுத்து ஏலத்தில் எடுத்துவிட்டுப் பெருமிதத்தோடு வீட்டுக்குப் போன பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். (1799-இல் உண்டான முதலூரை இன்று மஸ்கோத் அல்வாவுக்காக மட்டும் நினைப்பவர்களும் உண்டு, இருக்கட்டும்.) அந்த ஏலத்தில் வந்தவை எல்லாம் வீட்டுக் கொல்லையில் விளைந்தவை. பம்பாய்க்கு ரயில் ஏறியபோது நாம் விட்டுவந்தவற்றில் அந்தக் கொல்லையும் ஒன்று.

“இங்கே ஏது கொல்லை?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. குடிசை மறுவாழ்வு ஆணையம் 1995-இல் ஏற்பட்ட பின்பு கட்டடத்துக்கு ஏறியவர்களுக்கு முதலில் கிடைத்தது 225 சதுர அடி. குடிசையாக இருந்த காலத்திலாவது வாசலில் ஒரு துளசிச் செடியோ கறிவேப்பிலைக் கன்றோ, காலைச் சுற்றி இரண்டு கோழிகளோ இருந்தன. ஏழாம் மாடிக்குப் போனவர்களுக்குச் சன்னல் கம்பியே கொல்லை.

ஆனாலும் நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வடாலா கிழக்கில் நாட்கர்னி பார்க் பக்கம் துறைமுக ஊழியர் குடியிருப்பை அறிவீர்கள். அந்தத் துறைமுகக் கழகத்தின் மத்திய சமையற்கூடத்தில் உணவு அதிகாரியாயிருந்த பிரீத்தி பாட்டீல் என்னும் அம்மையார், 2002-இல், அன்றாடம் சேரும் காய்கறித் தோலையும் கழிவையும் குப்பைக்கு அனுப்பாமல் மொட்டை மாடிக்கு ஏற்றினார். உலர்ந்த இலையோடு அதைக் கலந்து மண்ணாக்கினார். அந்த மண்ணில் கீரையும் காயும், பின்னர் கனிமரங்களுமே வளர்ந்தன. நான் இதைச் சொல்லுவதற்குக் காரணம், அங்கே லாரியில் மண் கொண்டுவந்து கொட்டவில்லை என்பதுதான். குப்பைதான் மண்ணாயிற்று. உங்கள் வீட்டில் ஒரு நாளில் சேரும் வெங்காயத்தோல், கீரைத்தண்டு, தேயிலைச் சக்கை, முட்டையோடு ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள்.

தரையை நம்பவேண்டாம். வடாலாவின் கிழக்குப் பகுதி உப்பளங்களை அடுத்தது. தூத்துக்குடிக்காரருக்கு உப்பு மண்ணைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்கார் கடையில் கிடைக்கும் பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி அடியில் நான்கு துளை இடுங்கள். மீன் வரும் தெர்மோகோல் பெட்டி கீரைக்கு மிகவும் ஏற்றது. ஆழம் அரையடி போதும், எடையும் இல்லை. செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பரபரப்பானது. செடிக்கென்று தனியே பிடிக்க முடியாது. அரிசி, பருப்பு கழுவிய நீர் போதும். சோப்பு நீர் கூடாது.

விதை தேடியும் அலையவேண்டாம். அஞ்சறைப் பெட்டியே விதைப் பெட்டி. வெந்தயம், கடுகு, கொத்தமல்லி மூன்றும் அங்கேயே இருக்கின்றன. கொத்தமல்லியை மட்டும் உருட்டுக்கட்டையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து விதைக்கவேண்டும். மாதுங்காச் சந்தையில் வாங்கிய புதினாவின் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டால் வேர் பிடிக்கும். அரைக்கீரை, முளைக்கீரை விதையை ஊருக்குப் போகும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாள் கணக்கு. நம் சபைகளில் லெந்து நாட்களை அனுசரிப்பதில்லை. ஆனாலும் சி.எஸ்.ஐ. குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு நினைவிருக்கும்: சாம்பல் புதனிலிருந்து உயிர்த்தெழுதல் ஞாயிறு வரை 46 நாள். வெண்டை விதையை ஊன்றி முதல் காய் பறிக்கவும் ஏறக்குறைய அத்தனை நாளே ஆகும். ஆகவே அந்தப் புதனில் இரண்டு வாளிகளில் வெண்டை ஊன்றுங்கள். முள்ளங்கிக்கும் அதே சமயம் ஒத்துவரும். பண்டிகைக்கு நான்கு வாரம் இருக்கையில் முளைக்கீரையும் வெந்தயமும் தூவலாம். காலம் தவறிவிட்டதென்றால் மனம் தளரவேண்டாம். மும்பைக் கடற்கரை மணலில் விளைந்து சின்னஞ்சிறு கட்டுகளாக விற்பனைக்கு வரும் சமுத்ரி மேத்தியைப் பார்த்திருப்பீர்கள். அது வெந்தயத்தின் இளம் முளைதான். மணல் கலந்த தட்டில் நெருக்கமாகத் தூவினால் இரண்டு வாரத்துக்குள் பறித்துவிடலாம். தக்காளியை மட்டும் கடைசி நேரத்தில் தொடங்காதீர்கள். ஜனவரியிலேயே நாற்று விட்டிருந்தால்தான் உண்டு.

குருத்தோலை ஞாயிறு பிள்ளைகளுக்குரிய நாள். முந்தின இரவு ஒரு கைப்பிடி கோதுமையை ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய தட்டில் மண் பரப்பி அவர்கள் கையாலேயே விதைக்கச் செய்யுங்கள். மேலே மெல்லிய மண் போர்வை. பெரிய வெள்ளிக்கிழமைக்குள் பச்சை விரல் நீளம் எழும்பியிருக்கும். பின்லாந்து தேசத்துப் பிள்ளைகள் இதைப்போலவே புல் விதையைத் தட்டில் தூவி, சன்னலோரம் வைத்து, ஈஸ்டருக்குப் பச்சை காண்கிறார்கள். மால்டாவிலும் சிசிலியிலும் பெரிய வியாழக்கிழமைக்கென்று தானியத்தை இருளில் முளைக்கவைத்து ஆலயத்தில் வைப்பதுண்டு. “இது முளைப்பாரி அல்லவா?” என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தானியம் முளைப்பது எந்தச் சமயத்தாருடைய கண்டுபிடிப்பும் அல்ல. தேவன் மூன்றாம் நாளில் கட்டளையிட்ட காரியம். உயிர்த்தெழுதல் ஞாயிற்றன்று ஒரு பயிரை வேரோடு மெல்லப் பிடுங்கி, அடியிலிருக்கும் மணியைப் பிள்ளையின் விரலில் வைத்து நசுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்த மாவு கரைந்து, தோல் மட்டுமே மிஞ்சிப்போயிருக்கும். பிறகு யோவான் 12:24-ஐ வாசியுங்கள். நீங்கள் விளக்கம் ஒன்றும் சொல்லத் தேவையிருக்காது.

ஓர் எச்சரிக்கை. ஹார்பர் லைன் ரயிலில் போகும்போது தண்டவாளத்தை ஒட்டிச் செழிப்பான கீரைப் பாத்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரிசாய்க் கிடக்கும் நிலத்தைப் பயிரிட ரயில்வே தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் திட்டம் பல்லாண்டுகள் நடந்துவந்தது. அந்தப் பாத்திகள் சிலவற்றுக்குச் சாக்கடை நீர் பாய்ச்சப்படுவதாகப் புகார்களும் பலமுறை எழுந்தன. கீரையின் பச்சையைக் கண்டு ஏமாறாமல், அது குடித்த தண்ணீர் எதுவென்று கேளுங்கள். உங்கள் தெர்மோகோல் பெட்டியில் விளைந்த அரைக்கட்டுக் கீரைக்கு அந்தக் கேள்வியே வேண்டியதில்லை.

இனி முட்டை. ஈஸ்டர் முட்டை அஞ்ஞானிகளின் வழக்கம் என்று பிரசங்கத்தில் கேட்டு, அதைத் தொடவே அஞ்சுகிற விசுவாசிகள் உண்டு. நடந்த வரலாறு எளியது. மத்தியகாலத்து ஐரோப்பியத் திருச்சபையில் உபவாச நாட்களில் முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிக்கு அந்தச் சட்டம் தெரியாது. பகல் நீளும் வசந்தகாலத்தில்தான் அது மிகுதியாக இடும். ஆறு வாரம் சேர்ந்த முட்டைகளை உபவாசம் முடிந்த நாளில் மகிழ்ச்சியாய் உண்டார்கள், சாயமிட்டு அயலாருக்கும் கொடுத்தார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 1290-ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கில் ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. ஈஸ்டர் என்னும் ஆங்கிலப் பெயர் ஒரு பழைய தேவதையின் பெயரால் வந்த மாதத்தைக் குறித்தது என்று எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி எழுதினார். ஆனால் அவர் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் கருத்து இதுதான்: முட்டையை வணங்குகிறவர் நம்மில் எவருமில்லை, பசித்த பிள்ளை முட்டை கேட்டால் தகப்பன் தேளைக் கொடுப்பானோ என்று ஆண்டவரே முட்டையை உவமையில் எடுத்திருக்கிறார் (லூக்கா 11). மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் சாயமிடாமல் குழம்பு வைக்கலாம்.

சாயமிட விரும்புவோர் கடைப்பொடி வாங்கவேண்டாம். ஏழெட்டு வெங்காயத்தின் உலர்ந்த தோலை ஒரு கரண்டி வினிகரோடு நீரில் கொதிக்கவைத்து, அதிலேயே முட்டையை வேகவைத்தால் செம்பழுப்பு நிறம் ஏறும். மஞ்சள்தூள் மஞ்சள் தரும். முட்டையின்மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, மெல்லிய துணியால் இறுகக் கட்டி வேகவைத்துப் பாருங்கள். இலையின் வடிவம் வெள்ளையாய்ப் பதிந்திருக்கும். இதற்கு நாமக்கல் பண்ணை வகை வெள்ளை முட்டையே ஏற்றது. நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டில் இயற்கையிலேயே நிறமிருப்பதால் சாயம் எடுப்பாய்த் தெரியாது. ஏப்ரல் வெயிலில் அவித்த முட்டையை வெளியே இரவு முழுதும் வைக்காதீர்கள். குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டார் அதிகாலை ஆராதனைக்குப் புறப்படுமுன் அவிப்பதே நல்லது.

கோழி வளர்க்க இடமுள்ளவர்கள் யார்? சாலில் தரைத்தள வீடு, சொந்த வாசல், முகம் கோணாத அயலார் — இம்மூன்றும் உள்ளவர்கள். கட்டடத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியின்றித் தொடங்கி, பிறகு சண்டைக்கு நின்று சாட்சியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டைக்கு மட்டும் என்றால் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டைக்கோழி முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவே. அதிகாலை மூன்றரை மணிக்குச் சேவல் கூவி, இரவு வேலை முடித்துவந்த பக்கத்து வீட்டாரை எழுப்பும் தொல்லையும் இராது.

அடைக்கோழி உள்ளவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். கோழி முட்டை பொரிய 21 நாள். பண்டிகைக்கு மூன்று வாரம் முந்தின சனிக்கிழமை மாலை, சேவலோடு திரிந்த கோழியின் ஒரு வாரத்துக்குட்பட்ட முட்டைகள் பத்து பன்னிரண்டை அடை வையுங்கள். ஏழெட்டு நாள் கழித்து இருட்டில் டார்ச் விளக்கின்மேல் ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டையில் சிலந்திக் கால்போலச் சிவந்த நரம்புகள் ஓடும். ஒன்றுமின்றித் தெளிவாயிருந்தால் கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். கடைசி மூன்று நாள் தொடவே கூடாது. எல்லாம் நன்றாய் நடந்தால், பெரிய சனிக்கிழமை இரவு ஓடு விரியத் தொடங்கி, பிள்ளைகள் ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது தாயின் செட்டையின் கீழிருந்து குஞ்சுகள் தலை நீட்டும். மத்தேயு 23-இல் எருசலேமைக் குறித்து ஆண்டவர் ஏங்கிச் சொன்ன உவமையைப் பிள்ளைகள் அன்று தங்கள் வாசலில் காண்பார்கள்.

குஞ்சுக்கு முதல் நாள் இரை வேண்டாம். வயிற்றிலுள்ள கருவே போதும். பிறகு நொய்யும் கம்பும். ஊரில் பருந்து பகை என்றால் இங்கே காகமும் பெருச்சாளியும். பஞ்சாரம் மட்டும் போதாது. அரையங்குலக் கம்பிவலை அடித்த பெட்டி வேண்டும், அடியிலும் வலை வேண்டும். கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் இரண்டே நாளில் கூடு காலியாகிவிடும். குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்து விடவேண்டும். 1886 முதல் பரேலில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி வடாலாவுக்குத் தொலைவில் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2006 பிப்ரவரியில் நம் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில்தான் பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது. ஆகவே காரணமின்றிக் கோழி செத்தால் அதை அறுத்துச் சமைக்கவோ வெறுங்கையால் எடுத்துக் குப்பையில் எறியவோ வேண்டாம். அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். கோழி உறங்கும் இடமும் பிள்ளை உறங்கும் இடமும் ஒன்றாயிருக்கும் வீட்டில், தயவுசெய்து கோழியே வேண்டாம். அவர்களுக்குக் கோதுமைத் தட்டு போதும்.

பந்திக்கு வருவோம். வெண்டைக்காய் நான்கே காய்த்தாலும் தயிர்ப்பச்சடிக்கு ஆகும். வெந்தயக்கீரையும் பருப்பும், வீட்டு முட்டையில் குழம்பு, புதினாத் துவையல். பண்டிகை என்றால் பிரியாணி என்று நமக்குள் எழுதாத சட்டம் உண்டு. உயிர்த்தெழுந்தவர் உண்டதாக லூக்கா எழுதியிருப்பதோ நெருப்பில் வெந்த மீனும் தேனும். யோவான் எழுதியிருப்பது கரையில் கரிநெருப்பின்மேல் வெந்த மீனும் அப்பமும். மீனவர் குடியிருப்பின் பெயரால் கோலிவாடா என்று முன்பு அழைக்கப்பட்ட ஜி.டி.பி. நகர் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையத்தில் குடியிருக்கும் நமக்கு, அது கடினமான பந்தியா?

கடைசியாக, ஒரு கடிதம். வடாலாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடந்த ஈஸ்டருக்குப் பொரித்த குஞ்சுகளில் ஒன்று சேவலாக வளர்ந்திருக்கிறது. எட்டு வயது மகன் அதற்கு ராஜா என்று பெயர் வைத்திருக்கிறான். இந்தப் பண்டிகைக்கு அதை அறுப்பது என்று தகப்பனார் சொல்ல, பையன் சாப்பிட மறுத்து அழுகிறான். “அவன் பள்ளிக்குப் போயிருக்கும்போது அறுத்துவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா?” என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

சகோதரியே, சொல்லவேண்டாம். உயிர்த்தெழுதலின் நாளில் உங்கள் பந்தியில் பொய் ஒரு பதார்த்தமாக வரக்கூடாது. குழம்பு வாசத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் கல்லறை காலியாயிருந்தது என்று சொல்லும்போதும் அவன் உங்கள் முகத்தை உற்றுப் பார்ப்பான். தரித்திரன் ஒருவன் தன் பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் தாவீதிடம் சொன்ன கதையை (2 சாமுவேல் 12) உங்கள் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள். கோழியை அறுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. நானும் கோழிக்கறி உண்கிறவள்தான். பெயர் வைத்து, கையில் இரை கொடுத்து வளர்த்ததற்கு வேறு நியாயம் உண்டு. இனிமேல் குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே எது முட்டைக்கு, எது கறிக்கு, எதற்குப் பெயர் வைக்கலாம் என்பதைப் பிள்ளையும் அறியப் பேசி முடிவு செய்துவிடுங்கள். இந்தச் சேவல் சாலில் இருக்க முடியாதென்றால், பெட்டைக்கோழி வைத்திருக்கும் சபைக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுங்கள். பையனையே கூட அழைத்துப்போய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தார் அடுத்த ஆண்டு அடை வைக்க நான்கு முட்டை தருவார்கள். உங்கள் கணவருக்குக் கறி வேண்டுமென்றால் கடையில் அரைக்கிலோ வாங்கிக்கொள்ளட்டும். அதற்கும் ஒருகாலத்தில் உயிர் இருந்தது என்று மகன் சொன்னால், அவன் வாயை அடைக்காதீர்கள்.

இதைத் தனிக் கடிதமாகவும் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.